கடித்த பக்கம்

ஒன்பதாம் மாதக் காற்று வடகிழக்கிலிருந்து எங்கள் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் சின்பு ஊரில் யாரும் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஈரமே இல்லாத காற்று. உதட்டை வெடிக்கவைக்கும். தோலுரித்த, தக்காளி போலிருக்கும் பெர்சிமன் பழத்தின் மேல் மெல்லிய ஏடு படியவைக்கும். அந்த ஏடு பிடித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. நடுவில் ஒரு மழை வந்தால் முழுக் கவலையும் திரும்பிவிடும், இரண்டே நாளில் பழம் பூஞ்சை பிடித்துவிடும்.

கிம்சாங் வீட்டு முற்றத்துக்கும் எங்கள் முற்றத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். பழக்காலத்தில் அதன்மேல் பலகை போட்டுவிடுவோம். அவர்களுடைய மூங்கில் தட்டுகள் எங்கள் பக்கம் வரும், எங்கள் கைகள் அவர்கள் பக்கம் போகும். அந்த வருஷம் எங்கள் தோட்டத்தில் காய்ப்பு குறைவு. அதனால் பழக்காலம் முழுக்க நான் கிம்சாங்கின் மனைவி லான்மோய்க்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து பழம் அமுக்கினேன்.

பழம் பகலில் வெயிலிலும் காற்றிலும் கிடந்து, பிறகு கரித்தணல் மூட்டிய கரி அறையின் கணகணப்பில் வெந்து வெளியே வரும். அதன்பின் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கட்டைவிரலால் நடுவிலிருந்து விளிம்பு வரை அமுக்கித் தரவேண்டும். உள்ளே கட்டியாக நிற்கிற துவர்ப்பு அப்போதுதான் கரையும். கொஞ்சம் கூடினால் தோல் கிழியும், குறைந்தால் நடுவில் கல் மாதிரி நிற்கும். லான்மோய் பழத்தைப் பார்க்காமலே அமுக்குவாள். கண் தட்டுகளின் மேலும் வானத்தின் மேலும் இருக்கும், வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் வாய் பேசவில்லை. வெயிலுக்குப் போகும் பெண்கள் மூங்கில் தொப்பியின் மேல் பூப்போட்ட துணியைச் சுற்றி மூக்கு வரை இழுத்துக் கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். சாப்பிட உட்கார்ந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். லான்மோய் மட்டும் அவிழ்ப்பதே இல்லை. அரிசி நூடுல்ஸைத் துணிக்குக் கீழேயிருந்து உள்ளே தள்ளிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்காருவாள்.

“என்னக்கா, சோத்துக்குமா முகத்துணி? கல்யாணம் உங்க மகளுக்கா, உங்களுக்கா?” என்று கேட்டேன்.

“காத்துல உதடு வெடிக்குது. நீ உன் பழத்தப் பாரு, கிழிச்சு வச்சிருக்க.”

கிம்சாங் கரி அறையிலிருந்து தலையை நீட்டினார். புருவத்தில் சாம்பல்.

“அவளுக்குச் சூடு ஏறிக் கிடக்குப்பா. வருஷா வருஷம் இந்த அறைக்குள்ள புழுங்குறாள்ல. ஈறெல்லாம் வீங்குது, ரத்தம் வருது. சியென்சாவ் காய்ச்சி வச்சிருக்கேன். ‘அக்கா, ஒரு கிண்ணம் குடிச்சிட்டுப் போங்க’ன்னு நீ சொல்லு.”

“நீங்களே சொல்றது மாமா. வாய் இல்லையா?” என்றேன்.

“நான் சொன்னா முறைக்கிறா.”

சியென்சாவ் இலையைக் காய்ச்சிய கறுப்புக் கஷாயம் எல்லார் வீட்டிலும் உண்டு. உடம்புச் சூட்டுக்கு அதுதான் மருந்து. கசப்புப் போகக் கல்கண்டு தட்டிப் போடுவோம். லான்மோய் வேளைக்கு ஒரு பெரிய கிண்ணம் குடித்தாள். வறுத்தது, பொரித்தது, லாங்கான் பழம் எல்லாவற்றையும் விட்டாள். பல் தேய்ப்பதையும் விட்டுவிட்டாள். ரத்தம் வருகிற இடத்தைத் தேய்த்தால் சூடு இன்னும் கிளம்பும் என்பதில் எங்கள் பள்ளத்தில் இரண்டு கருத்து கிடையாது. எனக்கும் அதே எண்ணம்தான். அவளுடைய பிரஷ் வாய்க்கால் ஓரத்து ஆணியில் காய்ந்து தொங்கியது.

ஒருநாள் காலையில் அவள் ஆவியில் வெந்த பன்னைக் கடித்துவிட்டு, கடித்த பக்கத்தைச் சட்டென்று உள்ளங்கைக்குள் திருப்பிக்கொண்டாள். ஓரத்தில் சிவப்பாகத் தெரிந்தது. சிவப்புப் பயறு வைத்த பன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கிம்சாங் எனக்கும் ஒன்று கொண்டுவந்தார். உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் பன்.

மகள் மெய்-யுன் டவுனில் துணிக்கடையில் வேலை பார்த்தாள். ச்சுதுங் ஊரில் அரிசி நூடுல்ஸ் அவித்து விற்கும் சுங் அம்மாளின் ஒரே மகனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போயிருந்தது. பன்னிரண்டாம் மாதம் நிச்சயம் செய்யலாம் என்று தரகர் மூலம் பேச்சு. அதற்கு முன்னால் சுங் அம்மாள் ஒருமுறை வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினாள்.

பழக்காலத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. தட்டிலிருந்து அந்த வருஷத்து முதல் வற்றலை எடுத்து வீட்டுக்காரி பாதி கடித்துவிட்டு மீதியை வந்தவளுக்குக் கொடுப்பாள். அதன் பிறகுதான் பேச்சு.

சுங் அம்மாள் நேராக முற்றத்துக்கே வந்தாள். அறுபதைத் தொடும் வயது, நல்ல உயரம், கறுப்புக் கைப்பை. லான்மோய் எழுந்து குனிந்து வணக்கம் சொன்னாள், துணிக்குள்ளிருந்து. வீட்டுக்குள் போய் ஒரு தட்டுடன் வந்தாள். பழத்தைக் கத்தியால் பொடிசாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் பல்குச்சி குத்திவைத்திருந்தாள். அந்தக் குச்சிகளைப் பார்த்ததும் சுங் அம்மாளின் முகம் மாறியதை நான் கண்டேன். ஒரு துண்டையும் தொடவில்லை.

“நீங்க சாப்பிடலியா?” என்றாள்.

லான்மோய் தலையை மட்டும் ஆட்டினாள்.

கிம்சாங் பாவம், இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசினார். காற்றைப் பற்றி, கரி விலையைப் பற்றி, ச்சுதுங் பஸ்ஸைப் பற்றி. டீ ஆறிப்போனது. சுங் அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் தரகர் வந்து சொன்னார்: “அந்தம்மா மனசு விட்டுப்போச்சுங்க. ‘என்னைக் குத்திக்காட்டத்தான் கூப்பிட்டாங்களா’ன்னு கேக்கறாங்க. என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

என்ன பண்ணினோம் என்று யாருக்கும் தெரியவில்லை. மெய்-யுன் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், தாயின் முன்னால் நின்றாள்.

“அவரைப் பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லும்மா. முகத்த மூடிக்கிட்டு நின்னா என்ன அர்த்தம்?”

“பிடிக்கலேன்னு யாரு சொன்னா?”

“வாயத் தொறந்து பேசாம நின்னா அதான் அர்த்தம். துணிய எடு.”

“அமுக்கவேண்டிய தட்டு நாலு கிடக்கு.”

“எடும்மா.”

லான்மோய் எங்களைப் பார்த்தாள். நான் எழுந்து போகப் பார்த்தேன். “நீ எங்க போற, உனக்கு மட்டும் தெரியாமலா இருக்கப்போகுது” என்று சொல்லித் துணியை அவிழ்த்தாள்.

மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் விசிறி விரித்த மாதிரி ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருந்தன. ஈறு கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் தடித்துப் பளபளத்தது. கீழே ஒரு பல்லை நாக்கால் தொட்டாள். அது நாற்றங்கால் நாற்று மாதிரி அசைந்தது. வாடை என் பலகை வரை வந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். கிம்சாங் முகத்தைத் திருப்பவில்லை.

“இதுக்குத்தான் குறட்டை குறட்டைன்னு என்னைக் கரி அறையில படுக்கவச்சியா?” என்றார்.

“குறட்டையும்தான் விடறீங்க.”

மெய்-யுன் அழப்போனவள் சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு அழுதாள்.

“எங்கம்மாவுக்கு அம்பது வயசுல ஒரு பல்லு இல்ல. எங்க வம்சம் அப்படி. எனக்குக் கொஞ்சம் முந்திக்கிச்சு, அவ்ளோதான்” என்றாள் லான்மோய். “சந்தையில லோகிட்ட சொல்லிட்டேன். எல்லாத்தையும் புடுங்கிட்டு ஒரு செட்டு கட்டிக்கிறேன். அப்பறம் உன் மாமியாகிட்ட எவ்ளோ வேணாலும் சிரிக்கிறேன்.”

லோ சந்தையில் குடை விரித்துப் பல் கட்டுகிறவன். ஆனால் பல்லைப் பிடுங்கிய பிறகு ஈறு வற்றுவதற்குப் புதுவருஷம் தாண்டிவிடும், அதுவரை செட் உட்காராது என்று அவன் கைவிரித்துவிட்டான். அப்படியென்றால் நிச்சயத்தன்று வாயில் ஒன்றும் இருக்காது. டவுன் டாக்டர் ஊசி போட்டுச் சீக்கிரம் பிடுங்கி, சீக்கிரம் கட்டித் தருவார் என்று யாரோ சொல்ல, லான்மோய் எங்கள் சின்ன லாரியில் ஏறி உட்கார்ந்தாள். கிம்சாங் பின்னால் காலித் தட்டுகளோடு உட்கார்ந்து வந்தார்.

டாக்டர் யாப் பருத்த மனிதர், அவசரமே தெரியாதவர்.

“எல்லாத்தையும் எடுத்துருங்க டாக்டர். சட்டுனு.”

“மொதல்ல வாயத் தொறங்க. எடுக்கறதா வேண்டாமான்னு பல்லே சொல்லும்.”

மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் மெதுவாக விட்டார். அது இறங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு பல்லாகச் சுற்றி வந்தார். கம்பி போன இடமெல்லாம் ரத்தம் கசிந்தது. இரண்டு இடத்தில் சீழும் வந்தது. பிறகு ஒரு கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார்.

“பல்லுல ஒரு சொத்தை கிடையாது. பழம் நல்லா இருக்கு, காம்புதான் அழுகுது.”

“சூடுதானே டாக்டர்?” என்றார் கிம்சாங், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு.

“ஐஸ் கம்பெனியில வேலை பாக்கறவனுக்கும் இதே வாய்தான் இருக்கு. பல்லும் ஈறும் சேர்ற இடத்துல தினம் அழுக்குப் படியும். எடுக்காம விட்டா காரையா இறுகும். இங்க பாருங்க, மேல தெரியறது கொஞ்சம், ஈறுக்குள்ளதான் கல்லு கல்லா இருக்கு. அதுல கிருமி குடியிருக்கு. அதோட மல்லுக்கட்டி ஈறு வீங்குது, உள்ள எலும்பு கரையுது. எலும்பு கரைஞ்சா பல்லு ஆடாம என்ன செய்யும்?”

“எங்கம்மாவுக்கும் இதேதான்.”

“அவங்க பல்லு தேய்ப்பாங்களா?”

“உப்புத்தண்ணில கொப்புளிப்பாங்க. ரத்தம் வருதுன்னு தேய்க்கறத விட்டுட்டாங்க.”

“நீங்க?”

லான்மோய் கண்ணாடியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“வம்சம் கொஞ்சம் உண்டு, இல்லேங்கல. மிச்சம் அந்தப் பிரஷ்ஷுதான்” என்றார் டாக்டர். பிறகு, “தாகம் நெறைய எடுக்குதா? அடிக்கடி ஒண்ணுக்குப் போறீங்களா?”

“கரி அறைப் புழுக்கம்...”

“ஆமா டாக்டர், குடம் குடமா குடிக்கறா. நான் சியென்சாவ்தான் குடுக்கறேன்” என்றார் கிம்சாங்.

“சும்மாவா, கல்கண்டு போட்டா?”

“கசப்புப் போற அளவுக்கு.”

டாக்டர் கொஞ்சநேரம் கூரையைப் பார்த்தார். அன்றைக்கே ரத்தம் எடுக்கச் சொன்னார். சர்க்கரை ஏறித்தான் இருந்தது. சர்க்கரை கூடினால் ஈறு ஆறாது, ஈறு புண்ணாகக் கிடந்தால் சர்க்கரை இறங்காது, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும் என்று சொல்லி இன்னொரு டாக்டருக்குச் சீட்டு எழுதினார். கீழே ஆடுகிற ஒரு பல் தேறாது, அதை மட்டும் எடுத்துவிடலாம். மற்றதையெல்லாம் மரக்க ஊசி போட்டு, வாயை நாலு பாகமாக வைத்துக்கொண்டு, ஈறுக்கு அடியில் இருக்கும் காரையைச் சுரண்டி எடுக்கவேண்டும்.

“வீட்டுல மெத்துனு ஒரு பிரஷ். ஈறு ஓரத்துல சாய்ச்சு வச்சு மெதுவா ஆட்டணும். பல்லு இடுக்குக்குக் குட்டி பிரஷ் தர்றேன். ரத்தம் வரும், வரட்டும். எங்க வருதோ அங்கதான் தேய்க்கணும்.”

திரும்பி வரும்போது லான்மோய் சொன்னாள்: “புடுங்கச் சொன்னா மனுசன் வேலை குடுக்கறாரு.”

ஆனாலும் செய்தாள். விடிந்ததும் வாய்க்கால் ஓரத்தில் குந்தி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வெந்நீரில் கை விடுகிறவளைப்போல பிரஷ்ஷை ஈறில் வைப்பாள். துப்பினால் வாய்க்கால் சிவக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் கிம்சாங்கைத் திட்டினார்கள், ‘பொண்டாட்டியக் கொல்லப் பாக்கறியா’ என்று. அவர் பேசாமல் கல்கண்டு டப்பாவைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டார். கறுப்புக் கஷாயத்தை அவரும் அவளோடு உட்கார்ந்து கசக்கக் கசக்கக் குடித்தார். குடித்துவிட்டு அவர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்காகவே அவள் தன் கிண்ணத்தை முடித்தாள்.

மழையில்லாத நாட்கள். பழங்கள் சுருங்கி, கறுத்த பொன்னிறத்துக்கு வந்தன. தைபே வியாபாரி வந்து முதல் ஈடு ஏற்றிப்போனான். வாரம் ஒருமுறை வாயின் ஒரு பாகத்துக்கு டவுனுக்குப் போய்வந்தோம். துப்புகிற எச்சில் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகி, ஒருநாள் வெறும் நுரையாக விழுந்தது. அந்த வாரத்தில்தான் கிம்சாங் பட்டப்பகலில் தன் மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கரி அறையிலிருந்து வீட்டுக்குப் போனார்.

“என்ன மாமா, குடிமாறிப் போறீங்களா?” என்றேன்.

“குறட்டை நின்னுபோச்சாம்” என்றார், திரும்பாமல்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. வீக்கம் இறங்க இறங்க ஈறு மேலே ஏறியது. பற்கள் நீண்டு தெரிந்தன. இரண்டு பல்லுக்கு நடுவில் முக்கோணமாகக் கறுப்பு இடைவெளிகள். டாக்டர் எடுத்த கீழ்ப்பல்லின் இடம் வேறு வெறுமையாக. லான்மோய் கண்ணாடியைக் கொண்டுவந்து பலகையில் வைத்தாள்.

“பாரு இத. முன்னாடி ஈறாவது இருந்துச்சு. இப்ப கிழட்டுக் குதிரை மாதிரி இருக்கேன். இதோட போயா நிச்சயத்துல நிக்கறது?”

அன்றைக்கே டவுனுக்குப் போய் டாக்டர் யாப்பிடம் சத்தம் போட்டாள். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“வீங்கி நின்னது ஈறு இல்லம்மா, நோய். அது போனதும் தெரியறதுதான் நெஜ அளவு. கரைஞ்ச எலும்பு கரைஞ்சதுதான், நான் பொய் சொல்ல மாட்டேன். மிச்சம் இருக்கறதப் புடிச்சு நிப்பாட்டியிருக்கோம். கையால ஆட்டிப் பாருங்க.”

அவள் ஆட்டிப் பார்த்தாள். முன்பு விரலுக்கு வளைந்தது இப்போது லேசாகத்தான் அசைந்தது.

“எத்தனை நாளைக்கு இந்தத் தேய்ப்பு?”

“சோறு பொங்கறத எப்ப நிறுத்துவீங்க?”

எழுந்துவந்து வண்டியில் ஏறினாள். பாதி வழியில் முகத்துணியை எடுத்து மறுபடி கட்டினாள். “நாளன்னிக்குச் சந்தை. லோகிட்டயே போறேன். பல்லு இல்லாட்டியும் பரவால்ல, இந்த ஓட்டைக்கு அது மேல். நிச்சயத்தன்னிக்குத் துணியில வாய மூடிக்கிட்டு ஒரு நாள் நின்னுக்கறேன். பொறவு செட்டு போட்டா போட்டோவுல அழகா இருக்கும்.” பின்னாலிருந்த கிம்சாங் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டார். அவள் ஒன்றை முடிவு செய்தால் அவர் சொல்வதற்கு அதில் இடம் இருந்ததில்லை.

சந்தைக்கு முந்தின நாள் மத்தியானம் காற்று திடீரென்று நின்றது. தெற்கு மலைமேல் மேகம் கறுத்து ஏறியது. நாங்கள் தலை நிமிர்வதற்குள் முதல் துளிகள் தட்டில் விழுந்தன. முற்றம் முழுக்கப் பழம். நான் ஓடினேன், கிம்சாங் ஓடினார். சரியாக அந்த நேரத்தில் சுங் அம்மாள் பஸ்ஸிலிருந்து இறங்கிக் குடையோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். சம்பந்தம் உண்டா இல்லையா என்று நேரில் கேட்டு முடித்துவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

லான்மோய் கத்தினாள். நனைந்த துணி வாயோடு ஒட்டிக்கொண்டு குரல் வெளியே வரவில்லை. பிடித்து இழுத்துத் தூர எறிந்தாள்.

“கிழக்கு வரிசை மொதல்ல! அது பாதிதான் காய்ஞ்சிருக்கு! யாரது குடையோட நிக்கறது, கீழ போட்டுட்டுத் தட்டத் தூக்கு!”

சுங் அம்மாள் குடையைப் போட்டாள், கைப்பையையும் போட்டாள். நூடுல்ஸ் தட்டு தூக்கிப் பழகிய கை. ஒரே வீச்சில் இரண்டு தட்டைத் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டு கரி அறைக்குள் போனாள். நான்கு பேரும் போய்ப் போய் வந்தோம். கடைசித் தட்டு உள்ளே வந்தபோது மழை கொட்டியது.

கரி அறையில் எங்கள் துணிகளிலிருந்து ஆவி எழுந்தது. அப்போதுதான் லான்மோய் தான் யாரை விரட்டினோம் என்பதைப் பார்த்தாள். கை வாய்க்குப் போனது.

சுங் அம்மாள் தலையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்: “இவ்ளோ சத்தமாப் பேசத் தெரியும்ல? அன்னிக்கு ஏன் பேசல?”

லான்மோய் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

“இதனாலதான். அன்னிக்கு இதவிட மோசம். வாடை வேற. கடிச்சா ரத்தம் ஒட்டும். அதான் கத்தியால நறுக்கி வச்சேன்.”

சுங் அம்மாள் அவள் வாயையே பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் பாதி திரும்பி, வாய்க்குள் கைவிட்டு, மேல்செட்டும் கீழ்செட்டும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். கன்னம் இரண்டும் உள்ளே விழுந்தன. மறுபடி மாட்டிக்கொண்டுதான் பேசினாள்.

“பொடிசா நறுக்கிக் குச்சி குத்தி வச்சீங்களா, எனக்குப் பல்லு இல்லேன்னு யாரோ சொல்லிக்குடுத்து, நீங்க வேணும்னே காட்டறீங்கன்னு நெனச்சிட்டேன். பாதி கடிச்சுக் குடுத்தா என்ன பண்றதுன்னு பஸ்ஸுல வர்றப்பவே பயம். இந்தப் பழம் செட்டுல ஒட்டிக் கழண்டு வந்துரும்.”

கிம்சாங் முதலில் சிரித்தார். சிரிக்கலாமா என்று தெரியாமல் நிறுத்தினார்.

“யாரு கட்டினது? லோவா?” என்றாள் லான்மோய்.

“அவன் மாமனாரு. ஆடுது ஆடுதுன்னேன், எல்லாத்தையும் புடுங்கிட்டாரு.”

“நான் நாளைக்குப் போறதா இருக்கேன்.”

“எதுக்கு?”

“இந்த ஓட்டை...”

“என் மகன் மோட்டார் சைக்கிள் ஓட்டிட்டுப் போற அளவுக்கா இருக்கு?” சுங் அம்மாள் கரியடுப்புப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். “நான் சொல்றத கேளுங்க சம்பந்தி. நூடுல்ஸ் அவிக்கறேன், அது வழுக்குது. கடலையக் கண்டா எடுத்து வேற யாருக்காவது குடுக்கறேன். எலும்பு மேல எலும்பு வச்சாப்பல தாடை வலிக்கும். உங்களுக்கு அசையுதா இன்னும்?”

“முன்ன மாதிரி இல்ல.”

“ரத்தம்?”

“தேய்க்கறப்ப வர்றதில்ல. பழம் கடிச்சுப் பாக்கல. கடிக்கப் பயம்.”

மழை ஓட்டின்மேல் தடதடத்தது. லான்மோய் பக்கத்துத் தட்டிலிருந்து சூடாக இருந்த ஒரு வற்றலை எடுத்தாள். சர்க்கரைக்கு இது ஆகாதே என்று கிம்சாங் வாயெடுத்தார். “ஒரு கடிதான்” என்றாள். கட்டைவிரலால் ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு, முன்பற்களுக்குக் கொண்டுபோய், மெதுவாகக் கடித்தாள். பழம் நார் இழுத்துக்கொண்டு அறுந்தது.

கடித்த பக்கத்தை வழக்கம்போல உள்ளங்கைக்குள் திருப்பிக்கொண்டாள். மென்று விழுங்கினாள். பிறகு கையை விரித்து, கரியின் வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். இரண்டு பல்லின் தடம், நடுவில் ஒரு சிறு மேடு. பழத்தின் நிறத்தைத் தவிர வேறு எந்த நிறமும் இல்லை.

விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துச் சாப்பிடும்படி நன்றாக அமுக்கி, குழைய வைத்து, கடித்த பக்கம் முன்னால் இருக்கும்படியே சம்பந்தியிடம் நீட்டினாள்.